பூசைச் சட்டை போட்ட நோயாளி

அம்மா,

இன்று பேத்திக்குக் காய்ச்சல் என்று குழந்தை டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஓர் இளம்பெண், மடியிலிருந்த பையனின் மூக்கைத் துடைத்துவிட்டு முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "துடைக்காதம்மா, டாக்டர் அப்படியே பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். உன்னையும் அப்படித்தான் பார்த்தார்கள்.

அறுபதுகளில் நாம் அந்தமானில், பெரார்கஞ்சில் இருந்தபோது, டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் போர்ட் பிளேருக்குப் பஸ் ஏற வேண்டும். பஸ்ஸில் பெங்காலி, மலையாளி, தெலுங்குக்காரர் என்று எல்லாரும் இருப்பார்கள். கடலோரத்திலிருந்து கப்பலேறி வந்த நம் ஜனங்களிடம் மீன் நாற்றம் அடிக்கிறது என்று எவளோ ஒருத்தி எப்போதோ சொல்லிவிட்டாளாம். அப்பா தச்சு வேலை பார்த்தார். நம் வீட்டில் வலை என்று ஒன்று இருந்ததே இல்லை. ஆனாலும் அந்தப் பேச்சை நீ மறக்கவில்லை. நோயாளிப் பிள்ளையைக்கூட ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கிளப்புவது போலத்தான் கிளப்புவாய்.

தம்பிக்கு அப்போது மூன்று வயது இருக்கும். காய்ச்சல் வரும், போகும். இடது காதில் சீழ் வடியும். துணியைத் திரியாக்கி அதைப் பொறுமையாக ஒற்றி எடுப்பாய். வெந்நீரில் உடம்பைத் துடைத்து, தலையைப் படிய வாரி, கிறிஸ்துமஸுக்குத் தைத்த வெள்ளைச் சட்டையை மாட்டுவாய். "காது நாறுற பிள்ளையவா டாக்டரு முன்னால நிறுத்துறது? நம்மள என்னன்னு நினைப்பாரு?" என்பாய்.

டாக்டர் அவன் கன்னத்தைத் தட்டிவிட்டு, "அவுர் குச்?" என்று கேட்பார். வேறு ஏதாவது உண்டா என்று. "நஹி சாப், பஸ் புக்கார்" என்பாய், வெறும் காய்ச்சல்தான் என்று. காய்ச்சலுக்குத்தானே வந்தோம், காதைத்தான் வீட்டிலேயே சுத்தம் செய்தாகிவிட்டதே. அவர் ஒரு சிவப்பு மருந்தைக் கொடுத்து அனுப்புவார். திரும்பும்போது அபர்டீன் பஜாரில் எனக்கு ஜிலேபி கிடைக்கும். தம்பிக்கு எப்போது அடுத்த காய்ச்சல் வரும் என்று இருப்பேன் நான்.

ஒரு மழைக்காலம் முடிந்த சமயம், இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் அவன் திரும்பவில்லை. புதிதாக வந்திருந்த டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். இவ்வளவு காலம் சீழ் வடிந்திருக்கிறதே, ஏன் யாரிடமும் காட்டவில்லை என்று இந்தியில் கேட்டார். அப்பா உன்னைத் திரும்பிப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது உனக்கு ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு நீ பஸ் ஸ்டாப்பில் ஒரு தொல்லையாகிவிட்டாய். கைக்குழந்தையோடு எவள் நின்றாலும் விடமாட்டாய். "ஏளா, அந்த மையை அழி. டாக்டரு என்ன பொண்ணு பாக்கவா வாராரு? பிள்ள வாந்தி எடுத்த துணியையும் கொண்டு போ. அவரு கேக்காட்டாலும் எல்லாத்தையும் சொல்லிரு." பெங்காலிக்காரிகளிடமும் விடாமல், "சாஃப் மத் கரோ தீதி" என்பாய், துடைக்காதே அக்கா என்று. பலர் சிரித்தார்கள். சிலர் கேட்டுக்கொண்டார்கள். உனக்கு இதை முன்பே ஒருவர், ஒரே ஒருவர் சொல்லியிருக்கலாமே என்று எனக்கு இன்றும் கோபம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

நீ போவதற்கு முந்தின நாள் மாலை, தம்பி உன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவன் தலையை இழுத்து அணைத்து, இடது காதில் வாய் வைத்து, "மன்னிச்சிரு ராசா" என்றாய். கேட்காத காது எது என்று உனக்குத் தெரியாமலா இருக்கும்?

அவன் நிமிர்ந்து, "அக்கா, அம்மா என்ன சொல்லுதாவ?" என்று கேட்டான்.

"சாப்பிட்டியான்னு கேக்காவ" என்றேன்.

"சாப்பிட்டேம்மா" என்று உன்னிடம் உரக்கச் சொன்னான். நீ அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாய். அவனிடம் சொல் என்றா, சொல்லாதே என்றா, எனக்கு விளங்கவில்லை. அவனுக்கு நீ சொன்னது இன்னும் என்னிடமே இருக்கிறது, அம்மா.