உலைக்கு ஒரு பிடி

உறைபருவம், நாள் 41. காலை 6.10

இதை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் முருகன் துணை. எழுதுவது பாவாத்தாள். இடம்: வேலூற்றுக் குடியிருப்பின் விதைக் கொட்டகை.

வெளியே உறைநிலைக்குக் கீழே 31. காயும் தொட்டியில் மக்காச்சோள விதை 640 கிலோ. ஈரம் 21 சதம். பனி முந்திக்கொண்டதால் பச்சையாக அறுத்தது. 12 சதத்துக்குக் காய்ந்துவிட்டால் எந்தக் குளிரும் ஒன்றும் செய்யாது. அதற்கு முன் குளிர் பட்டால் முளை செத்துப்போகும். பதினோரு குடும்பத்துக்கும் விதை இது ஒன்றுதான். அடுத்த கப்பல் வர நாலு வருஷம்.

உலை நன்றாக எரிகிறது. தொட்டிக்குப் போகும் காற்று 41 பாகை, நான் இருக்கும் அறை 22. எரித்தது: சோளக்கட்டை 9 கூடை, கடலைத்தோல் 4, பாசிக்கட்டி 2. எது கிடைத்தாலும் எரிக்கும் உலை இது. எது காய்ந்திருக்கிறதோ அதைத் தானே பார்த்து இழுத்துக்கொள்ளும்.

கற்பூரம் காட்டி, வழக்கம்போல் தொட்டியிலிருந்து ஒரு பிடி எடுத்து உலையின் தீனிவாயில் போட்டுக் கும்பிட்டேன். வீட்டுக்காரர் நாச்சிமுத்து விசிறிக்கு மாற்றுப் பட்டை வாங்கக் குடியிருப்புக்குப் போயிருக்கிறார்.

நாள் 42. பகல் 11.30

புயல். வானொலியில் அவர்:

"ஏ புள்ள, காத்து ஆளையே தூக்குது. வண்டி நகராது, ரெண்டு நாளாகும். உன்ர சாமிக்கு, அதான் அந்த உலைக்கு, படையல் போட்டாச்சா?"

"கிண்டல் போதுமுங்க. இழுத்துப் போத்திட்டுப் படுங்க. வெதைய நான் பாத்துக்கறேன்."

சோளக்கட்டைக் கிடங்கில் பனி இறங்கிவிட்டது. மேல் கூடைகள் நனைந்திருக்கின்றன.

நாள் 43. காலை 7.00

கணக்கு இடிக்கிறது.

ஈரம் 17க்கு வந்திருக்கிறது. 21லிருந்து 17க்கு வந்தால் 640 கிலோ 609 ஆக வேண்டும். தராசு காட்டுவது 571. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். 38 கிலோவைக் காணோம். எலி இந்தக் கோளிலேயே கிடையாது.

நேற்று மாலையிலிருந்து சோளக்கட்டை ஒரு கூடைகூடக் குறையவில்லை. ஆனால் தீ எரிகிறது.

நாள் 43. காலை 9.20

சாம்பல் தட்டை வெளியே இழுத்தேன். கருகி வெடித்த சோளமணிகள். இரண்டு கையாலும் அள்ளலாம். தொட்டிக்கு அடியில் தூசியையும் நொறுங்கலையும் உலைக்குக் கொண்டுபோகும் திருகுக்குழாய் ஒன்று உண்டு. அதன் அடைப்பான் முழுசாகத் திறந்து கிடக்கிறது. நான் திறக்கவில்லை.

நாள் 43. காலை 9.45

உலை பழுது பார்க்கும் செங்கோடனை வானொலியில் பிடித்தேன்.

"அக்கா, கையால எதைப் போட்டாலும் அது எரிக்கிற சாமான்னு அந்த உலை எழுதிக்கும். அப்படித்தான் கத்துக்கும். நீங்க சோளம் ஏதாச்சும் போட்டீங்களா?"

"ஒரு பிடிதான் தம்பி. சாமிக்கு."

"எத்தன நாளா?"

"உலை வந்த நாள்ல இருந்து. தொண்ணூத்தி நாலு நாள்."



"அக்கா, அது எழுதி வெச்ச வரிசைய அழிக்கிற சாவி நாச்சிமுத்து அண்ணன்கிட்ட இருக்குது. உலைய மட்டும் அணைச்சுப்போடாதீங்க. மறுபடி சூடேற ஒம்பது மணி நேரம். பதினேழுல வெதை தாங்காது."

நான் விதை காய வைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது தன் சோற்றைப் பதமாக்கிக்கொண்டிருந்திருக்கிறது. காயக் காய அதற்கு ருசி. முருகா, உனக்கென்று போட்டதை எது தின்றது?

நாள் 43. பகல் 1.15

கடப்பாரையைத் திருகுக்குள் செருகி நிறுத்திவிட்டேன். அதற்குள் இன்னும் பத்துக் கிலோ போய்விட்டது. செருகும்போது தீனிவாய்க்குள் இடது கை மாட்டிக்கொண்டது. உள்ளங்கைத் தோல் உரிந்து உள்ளேயே ஒட்டிக்கொண்டது. மஞ்சள் வைத்துத் துணி சுற்றினேன். வலி இருக்கிறது, விரல்கள் அசைகின்றன.

காலையிலேயே கட்டிலை உடைத்துப் போடத் தொடங்கியிருந்தேன். இப்போதைக்கு அதை எரிக்கிறது.

நாள் 43. பகல் 3.00

உலையின் திரையில் புது வரி:

பொருள் 7. கையால் இடப்பட்டது. ஈரம் 57. எரிக்க ஏற்றதல்ல. காய வைக்கவும். இலக்கு 12.

கட்டிலின் ஈரம் 9. அது பொருள் 6. ஏழு எதுவென்று தேடி அறையைச் சுற்றிப் பார்த்தேன். பிறகு கையைப் பார்த்தேன்.

அறை 31 பாகை.

நாள் 43. மாலை 4.30

அறை 38. காற்றுக்குழாயில் சேலையைத் திணித்தேன். தொட்டிக்குப் போகும் காற்றும் சேர்ந்து நின்றது; இரண்டுக்கும் ஒரே விசிறி. சேலையை உருவிவிட்டேன். கதவைத் திறந்தால் தொட்டியில் குளிர் இறங்கும். விதை ஈரம் 15.

அவரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"வெதை கெடக்குது, நீ வெளிய வா புள்ள. சாமான் கொட்டாய்ல போய் உக்காரு. நான் நடந்தே வாரேன்."

"நடந்து வந்தீங்கன்னா நான் பேசமாட்டேன். காத்து நிக்கட்டும். பதினோரு வீட்டு அடுப்புங்க இது. நான் போட்ட பிடி, நான்தானுங்க பாக்கோணும்."

நாள் 44. காலை 6.00

அறை 46. விதை 13. திரையில் நான் 54.

குடத்துத் தண்ணீர் முடிந்தது. கதவிடுக்குப் பனியைச் சுரண்டித் தின்கிறேன். தின்றால் திரையில் என் எண் கொஞ்சம் ஏறுகிறது. உடனே விசிறி வேகம் கூடுகிறது. அதற்குத் தெரிகிறது. அதற்குத் தெரிகிறது. சஷ்டி கவசம் சொல்லப் பார்த்தேன், பாதியில் வரி மறந்துபோயிற்று. பன்னிரண்டு வயதில் மனப்பாடம் செய்தது.

நாள் 44. பகல் 12.40

விதை 12.0. மூன்று முறை பார்த்தாயிற்று. 12.0.

உலையை அணைக்கப் பார்த்தேன்; பொருள் 7 காயாமல் அணையாது என்கிறது திரை. பதினோரு மூட்டையாகக் கட்டினேன். கதவைத் திறந்து சாமான் கொட்டகைக்கு இழுக்கிறேன். வெளிக்காற்று பட்டதும் அழுதுவிட்டேன். கண்ணில் தண்ணீர் வரவில்லை.

பகல் 2.10

ஏழு மூட்டை வெளியே. கடப்பாரை வளைகிறது, சத்தம் கேட்கிறது. கதவு திறந்திருப்பதால் உலை ஆவேசமாக எரிகிறது. கட்டில் தீர்ந்தது.

மாலை 3.25

ஒன்பது வெளியே. நான் இதைச் சாமான் கொட்டகையில் இருந்து எழுதுகிறேன். இங்கேயே உட்காரலாம். பனி நிறைய இருக்கிறது.

உள்ளே, திருகின் வாய்க்கு மேலே, இன்னும் இரண்டு மூட்டை. ஒன்று செங்கோடன் வீட்டுடையது, கைக்குழந்தைக்காரி வீடு. ஒன்று எங்களுடையது.

கடப்பாரை முறிந்த சத்தம். திருகு சுற்றுகிறது.

யார் வந்தாலும் கையால் எதையும் அதற்குள் போடாதீர்கள். சாமிக்கென்றும் வேண்டாம். என்னைத் தேடுமுன் விதையைக் குடியிருப்புக்கு எடுத்துப் போங்கள்.

அவரிடம், எங்கள் மூட்டையை விட்டுவிட்டேன் என்று சொல்லுங்கள். ஒன்றைத்தான் இழுக்க முடியும்.

திறந்த கதவு வழியாகத் திரை தெரிகிறது. பொருள் 7. ஈரம் 51. அருகில் இல்லை. காத்திருக்கவும்.

உள்ளே போகிறேன்.