வேறு ஒன்றும் இல்லை

அன்பு மகள் கிர்ஸ்டிக்கு அம்மா எழுதுவது. நீ கார்ன்வாலில் சுகமாக இருப்பாய், இருக்க வேண்டும். இங்கே டண்டீயில் உன் அப்பா, தம்பி, நான் மூவரும் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுத இந்த வாரம் அவ்வளவுதான் இருக்கிறது. போனில் பேசினால் நீ அழுதே என் வாயை அடைத்துவிடுகிறாய், அதனால்தான் தாளை எடுத்தேன்.

உன் தம்பி கிரெகர் ஹெராயினை வீட்டிலேயே இருந்து விட்டுவிடுகிறேன் என்று வந்து நின்றது உனக்குத் தெரியும். டாக்டரிடம் போய் முறையாக நிறுத்துவோம் என்றேன். மருந்துக் கடையில் ஊரே பார்க்க நின்று, ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் மெத்தடோனைக் குடிக்க மாட்டானாம். உன் அப்பாவும் ஒத்து ஊதினார், ஒரு வாரம் காய்ச்சல் மாதிரி படுத்து எழுந்தால் சரியாகிவிடுமாம், முப்பது வருஷம் பஸ் ஓட்டியவருக்கு வைத்தியமும் வந்துவிட்டது. நான் கேட்டது ஒரே கேள்வி, அதோடு வேறு என்னடா எடுக்கிறாய் என்று. என் கண்ணைப் பார்த்தே சொன்னான், "வேற ஒண்ணும் இல்லம்மா." நம்பினேன். முதல் நாள் கொட்டாவி, மூக்கொழுகல். இரண்டாம் நாள் வாந்தி, பேதி, காலை உதைத்து உதைத்துப் போர்வையைக் கிழித்தான், நான் வாளியும் துணியுமாக அலைந்தேன். அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். மூன்றாம் நாள் மத்தியானம் சூப்பை வாயருகே கொண்டுபோகிறேன், கண் மேலே செருகிக் கட்டிலே ஆடும்படி வலிப்பு வந்துவிட்டது. வெறும் ஹெராயினை நிறுத்தினால் இப்படி இழுக்காதே என்று ஆம்புலன்ஸில் வந்த பெண் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் நோரீன் என்ற போதை மீட்பு நர்ஸ் துருவித் துருவிக் கேட்ட பிறகே வெளியே வந்தது. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் வேலியம் என்று தெருவில் விற்கும் நீல மாத்திரை, உள்ளே என்ன கலந்திருக்கிறதோ, தினமும் விழுங்கியிருக்கிறான். ஏண்டா மறைத்தாய் என்றால், "வேலியம்தானேம்மா, அது எல்லார் வீட்லயும் இருக்கறதுதானே" என்கிறான். அடுத்த வார்த்தை, "கிர்ஸ்டிக்குத் தெரியும்." ஈஸ்டருக்கு உன் வீட்டுக்கு வந்தபோது அவன் கோட்டுப் பையில் பார்த்தாயாம், அம்மாவிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினானாம். நீயும் பெரிய மனுஷியாகக் காப்பாற்றினாய். சத்தியம் பத்திரமாக இருக்கிறதடி, உன் தம்பிதான் வலிப்பில் கடித்துக்கொண்ட நாக்கில் தையலோடு கிடந்தான். இவ்வளவு கோபம் உன்மேல் எனக்கு வந்ததே இல்லை.

ஹெராயினை நிறுத்துவது பெரிய வதை, அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது ஆளையே கொண்டுபோய்விடும் என்கிறாள் நோரீன். இப்போது வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மெத்தடோனைக் கொஞ்சமாக ஆரம்பித்து, மாத்திரையை மாதக்கணக்கில் குறைக்கப் போகிறார்கள். இரண்டும் கூடிப்போனால் தூக்கத்திலேயே மூச்சு அடங்கிவிடுமாம். அப்படி ஆனால் மூச்சைத் திருப்ப மூக்கில் அடிக்கும் மருந்து ஒன்று கொடுத்திருக்கிறாள், அதுவும் ஹெராயினுக்கும் மெத்தடோனுக்கும்தான் கேட்கும், மாத்திரைக்குக் கேட்காதாம். அதனால் என்னென்ன, எவ்வளவு என்று அவளுக்குச் சரியாகத் தெரிய வேண்டும். இவனோ காலையில் ஐந்து என்கிறான், மாலையில் பதினைந்து என்கிறான்.

இன்னொன்றும் எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. செவ்வாய்க்கிழமை நோரீன் இவனைப் பார்க்க வீட்டுக்கு வந்து, வீட்டில் வேறு மாத்திரை ஏதும் உண்டா என்று கேட்டாள். "வேற ஒண்ணும் இல்லம்மா" என்றேன், கண்ணைப் பார்த்தே. அவள் போனதும் டீ போட அலமாரியைத் திறக்கிறேன், டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் என் குப்பி. பதினெட்டு வருஷமாக டாக்டர் எழுதித் தரும் அதே வேலியம், படுக்கும்போது பாதி. அதை நான் மாத்திரைக் கணக்கிலேயே சேர்த்ததில்லை. பொய் சொன்னேன் என்றுகூடத் தெரியாமல் சொல்லியிருக்கிறேன். உடனே அவளைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். குப்பியைப் பூட்டி வைக்கச் சொன்னாள். "நீங்களும் சட்டுனு நிறுத்திடாதீங்க, அப்புறம் உங்களுக்கும் நான்தான் வரணும்" என்றாள். உன் அப்பா அதற்குச் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. நீ நன்றாக இருக்க வேண்டும், அதில் எனக்குக் கோபமே இல்லை. இதோடு முகவரி எழுதிய உறையும் வெறுந்தாளும் வைத்திருக்கிறேன். ஈஸ்டரில் பார்த்தது, கேட்டது, அவன் சொன்னது, நோரீனிடம் கொடுக்க ஒன்று விடாமல் எழுதி நாளைய தபாலில் போடு. என்னுடையதை நான் சொல்லிவிட்டேன்.

உன் அம்மா,
ரோனா