ஆய்வேடு மனுவாகப் பதியப்பட்டது குறித்து

அனுப்புநர்:
முனைவர் பட்ட ஆய்வு மாணவி,
பதிவு எண் 0417,
நீரியல் துறை, அறை 14.

பெறுநர்:
மாண்புமிகு வேந்தர் அவர்கள்,
பல்கலைக்கழகம்.

பொருள்: என் ஆய்வேட்டை ஆய்வேடாகவே ஏற்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் துணைவேந்தர் இரண்டு முறை நகர்மன்ற உறுப்பினர், மூன்று முறை பேரவை உறுப்பினர், பதினோரு மாதம் அமைச்சர். கடந்த தேர்தலில் தோற்றார். அடுத்த மாதம் எங்களிடம் வந்தார். அவர் உழைப்பாளி என்பதில் எனக்கு ஐயமில்லை. என் புகாரே அதுதான்.

2. திங்கள்தோறும் காலையில் முன்கூடத்தில் அவர் நடந்தபடியே மனு வாங்குகிறார். கையில் எந்தத் தாள் வந்தாலும் மூலையில் "ஆவன செய்க" என்று எழுதுகிறார். விடுதிச் சமையலர் நீட்டிய விடுப்புக் கடிதத்திலும், கணிதப் பேராசிரியர் மகளின் திருமண அழைப்பிதழிலும் அப்படியே எழுதினார்.

3. ஆய்வேடுகளும் இனி அவர் கையில்தான் தரப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. ஆகவே நானும் வரிசையில் நின்றேன். தலைப்பு: "வளாகக் குளத்தில் பாசிப் பெருக்கமும் உயிர்வளிக் குறைவும்". 238 பக்கம். ஆறு ஆண்டுகள். அவர் அட்டையைப் பார்த்தார். எழுதினார். "ஐயா, இது தீசிஸ்" என்றேன். "எதுவா இருந்தா என்னம்மா, முடிச்சுடலாம்" என்றார். குரலில் உண்மையான அன்பு இருந்தது.

4. அவருடைய உதவியாளர் அதைக் குளம் பற்றிய புகாராகப் பதிந்து நகரப் பொறியியல் பிரிவுக்கு அனுப்பினார். மூன்று வாரத்தில் லாரிகள் வந்தன. குளம் மண்ணால் மூடப்பட்டது. இப்போது அங்கே நான்கு இருக்கைகளும் துணைவேந்தர் பெயர் பொறித்த கல்லும் உள்ளன. "தங்கள் குறை முழுமையாகத் தீர்க்கப்பட்டது" என்று எனக்குக் கடிதம் வந்தது. பாசி இல்லை என்பது உண்மை.

5. என் பதிவுக்காலம் இம்மாதம் 30ஆம் நாள் முடிகிறது. அதற்குள் ஆய்வேடு ஏற்கப்படாவிட்டால் பதிவு ரத்தாகும். ஆறு ஆண்டுகளும் அதோடு போகும். தேர்வுப் பிரிவுக்குப் போனேன். எழுத்தர் கணினியில் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல தீசிஸ் எதுவும் வரலையே. மனு ஒண்ணு இருக்கு, முடிச்சாச்சு" என்றார். வேறு பிரதி தருகிறேன் என்றேன். "அதே தலைப்பா? முடிஞ்ச மனுவ மறுபடி எடுக்க மாட்டோம்மா."

6. துணைவேந்தரையே பார்த்தேன். எழுந்து வந்து வரவேற்றார். "நான் வந்து முடிச்ச மொத மனு உன்னோடதும்மா!" என்று கல்லருகே அழைத்துச் சென்று என்னோடு படம் எடுத்துக்கொண்டார். படத்தில் நான் சிரிக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை.

7. இதற்கிடையே பொறியியல் பிரிவின் இளநிலைப் பொறியாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கோப்போடு வந்த ஆய்வேட்டை முழுவதும் படித்திருக்கிறார். குளத்தை மூட வேண்டாம் என்று குறிப்பு எழுதியிருக்கிறார். குறிப்பு மேலே போய்ச் சேரும் முன் லாரி வந்துவிட்டது. "மன்னிச்சுக்கங்க மேடம்" என்றார். சற்றுத் தயங்கி, "நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல ஆழத்த அடி அளவுல போட்டிருக்கீங்க, கணக்கு மீட்டர்ல ஓடுது. ஒரு தடவ பாத்துருங்க" என்றார். பார்த்தேன். அவர் சொன்னது சரி. என் நெறியாளரும் துறைக்குழுவின் ஐவரும் கையொப்பமிட்ட பக்கம் அது. திருத்திவிட்டேன். முடிவு மாறவில்லை. ஆனால் ஆறு ஆண்டுகளில் முதன்முறையாக யாரோ படித்திருக்கிறார்கள் என்பதால் அன்று முழுவதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

8. ஆகவே தங்களிடம் வேண்டுவன இரண்டு. திருத்திய பிரதியை 30ஆம் நாளுக்குள் தேர்வுப் பிரிவு ஆய்வேடாகப் பெற்றுக்கொள்ள ஆணையிட வேண்டும். வாய்மொழித் தேர்வுக்கு அந்தப் பொறியாளரைப் புறத்தேர்வாளராக அமர்த்த வேண்டும். அவரிடம் முனைவர் பட்டம் இல்லை. விதி இடம் தராது என்பதை அறிவேன். ஆயினும், தகுந்த நேர்வுகளில் கல்வித் தகுதியைத் தளர்த்தலாம் என்ற விதி 9(இ) இருக்கிறது. தற்போதைய துணைவேந்தரின் நியமன ஆணையில், தங்கள் கையொப்பத்துக்கு நேர் மேலே, அதைப் படித்தேன்.

விரைந்த ஆணையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
ஆய்வு மாணவி, பதிவு எண் 0417

நாள்: இம்மாதம் 19
இடம்: அறை 14, நீரியல் துறை