பூஜையில் அணைந்த ஆட்டம்

ஆயுத பூஜை, இரவு.

என் கையடக்க கேம் பெட்டியில் அந்தப் பழைய ராட்சச ஆட்டத்தின் கடைசிக் கட்டம் வரை வந்திருந்தேன். ஐதராபாத்திலேயே அதுவரை போனவன் நான் ஒருவன்தான். பதினொரு நாளாக அணைக்காமல் சார்ஜரிலேயே நிறுத்தி வைத்திருந்தேன். இன்று என் மனைவி சரோஜா அதை அணைத்து, சந்தனம் பூசி, ஸ்க்ரூடிரைவருக்குப் பக்கத்தில் பூஜையில் வைத்துவிட்டாள்.

"நாள் பூரா உழைக்குதே, அதுக்கும் ஓய்வு வேணாமா?" என்கிறாள்.

இனி முதலிலிருந்துதான் ஆட வேண்டும். அக்கா மகள் சிரிக்கிறாள். "சேவ் பண்ணலியா மாமா? கைக்கு?" என்று ஐதராபாத் உருதுவில் ஏனென்று கேட்கிறாள்.

வீரன் சேவ் செய்யமாட்டான் என்று கத்தினேன். அது எந்தப் பொத்தான் என்று அவளிடமா போய்க் கேட்பது? ஞாயிறன்று போலாரத்து மச்சான் வருகிறான். அவன் கண் முன்னால் முடித்துக் காட்டுவதாகச் சவால் விட்டிருக்கிறேன். நாளைக் காலை வரை பெட்டியைத் தொடக்கூடாதாம். இருப்பதே இரண்டு நாள், அதிலும் சாமிக்குப் பங்கு.