கையோடு வந்த செம்பு

ஊர்காவற்றுறை,
ஞாயிறு மாலை

அன்பின் உமக்கு,

கால் வீங்கிவிட்டது. கட்டிலில் கிடந்தபடிதான் எழுதுகிறேன்.

கொழும்பில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அரை மரதன் ஓட்டப் போட்டிக்கு வந்தேன். பாதை மடத்துவெளியில் உங்கள் வீட்டு வாசலால் போவதை நோட்டீசில் மூன்று தரம் வாசித்தேன். நாற்பது வயதில் பதின்மூன்று மைல் பெரிய களைப்பு.

ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் சனம் ஓட்டக்காரருக்குத் தண்ணீர் ஊற்றியது. உங்கள் படலையில் மாமா, உம்முடைய அப்பா, வாளியோடு நின்றார். இந்த வீட்டில் இனித் தண்ணீரும் குடிக்கமாட்டேன் என்று இரண்டு வருடத்துக்கு முன் நான் கத்திவிட்டுப் போன அதே படலை. என்னைக் கண்டதும் வாளி அந்தரத்தில் நின்றது. பிறகு முழுவதையும் என் தலையில் கவிழ்த்தார். செம்பையும் நீட்டினார்.

“வெயில் ஏறுது, தம்பி. கோபத்தைப் பிறகு பாப்பம். இதைக் குடியும்.”

குடித்தேன். நின்றால் அழுதுவிடுவேன் போலிருந்தது; ஓடினேன். வேலணை தாண்டிய பிறகுதான் செம்பு கையிலேயே இருப்பதைக் கண்டேன். கடைசி ஆளாக, செம்போடு வந்து சேர்ந்தேன். சனம் சிரித்தது.

நீர் யன்னலடியில் நின்றீரா என்று கேட்கமாட்டேன்.

செம்பில் உம்முடைய பெயர் வெட்டியிருக்கிறது. அதை நான் வைத்திருக்க ஏலாது. படலையில் வைத்துவிட்டுப் போகவா, உள்ளே கொண்டுவரவா என்று மட்டும் எழுதும்.

இப்படிக்கு,
அந்த வீட்டு மருமகன்