அந்தோணி குவைத்தில், வாரண்ட் லண்டனில்

செப். 18, வெள்ளி

புழுக்கம். ஜன்னல் கண்ணாடியெல்லாம் வியர்வை. கிளினிக்கில் காலை டூட்டி.

அந்தோணிக்கு இன்று லீவு, எனக்கு இல்லை. எனக்கு ஞாயிறு; அன்று அவருக்கு வேலை. அவர் குவைத் ஃபர்வானியாவில் ஏசி மெக்கானிக், நான் ஷார்ஜாவில் நர்ஸ். கல்யாணமாகி ஆறு வருடம். ஊருக்கு லீவில் போகும்போதுதான் புருஷன் பெண்டாட்டி.

சாப்பாட்டு நேரத்தில் ரூம்மேட் மெர்சி என் போனை எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, வாரண்ட்டுன்னு போட்டிருக்கு? யாரப் பிடிக்கப் போறாவ?"

சிரிப்பு. பிறகு விளக்கினேன். லண்டனில் ஒரு இன்வெஸ்ட்மென்ட் டிரஸ்ட். பல கம்பெனிகளின் பங்குகளை வாங்கி வைத்திருக்கும் கம்பெனி. அதன் பங்கை இன்ன விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற உரிமைதான் வாரண்ட். நானும் அந்தோணியும் சேமிப்பைப் போட்டு வாங்கியிருக்கிறோம். இந்த மாதக் கடைசியோடு கெடு. பங்கு அந்த விலையைத் தாண்டினால் லாபம். தாண்டாவிட்டால் போட்டது போச்சு.

"இப்ப எங்க கெடக்கு?"

"கொஞ்சம் கீழ."

மெர்சி தன் மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

செப். 20, ஞாயிறு

லீவு. லண்டன் பங்குச் சந்தையும் லீவு. ரோலா கடைத்தெருவுக்குப் போனேன். சோப்பு, தேங்காயெண்ணெய், கருவாடு (கிடைக்கவில்லை).

ஆண்கள் சட்டை தள்ளுபடி. நீலக் கட்டம் ஒன்று கையிலெடுத்தேன். "சைஸ் கித்னா?" என்று இந்தியில் அளவு கேட்டார் கடைக்காரர். சொல்லத் தெரியவில்லை. போன லீவில் அந்தோணி மெலிந்திருந்தார். இப்போது எப்படியோ. வைத்துவிட்டு வந்தேன்.

சந்துக்குள் ஒரு சின்னக் கடை காலி. அந்தோணி இங்கே வந்து வைக்க நினைக்கும் ஏசி ரிப்பேர் கடைக்கு அளவாக இருக்கும். வாரண்ட் கைகொடுத்தால்.

செப். 23, புதன்

தாண்டிவிட்டது! மருந்து டிரேயைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். உண்மைதான்.

உடனே அவருக்குப் போன். பின்னால் டிரில் சத்தம்.

"இப்ப வித்தா என்ன ஆவும்?"

"லைசன்சுக்கு ஆவும். கடை வாடகைக்குக் காணாது."

"பின்ன கொஞ்சம் பொறுப்போமா?"

"பொறுப்போம்."

மெர்சி: "வித்துப் போட்டுட்டு நிம்மதியா இரேன்." அவளுக்கு என்ன. அவள் புருஷன் அபுதாபி, பஸ் ஏறினால் வந்துவிடலாம்.

செப். 25, வெள்ளி

இறங்குகிறது. விற்கப் பார்த்தேன். கேட்கிற விலை கேவலம். பொறுத்ததே பொறுத்தோம், கெடு வரை பார்ப்போம்.

லீவில் தூங்கும்போது அந்தோணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். நாடி பார்க்கிறவர் மாதிரி. நர்ஸ் நானா நீங்களா என்று கேட்டிருக்கிறேன். பலர் தங்கும் ரூமில், என் பெட்ஸ்பேஸ் கட்டிலில் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் படுத்திருக்கிறேன்.

செப். 30, புதன்

கெடு முடிந்தது. பங்கு கீழேயே கிடந்தது. அவ்வளவுதான்.

அவருக்குச் சொல்லவில்லை. வாய் வரவில்லை. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். போன காசுக்கு அழுதது கொஞ்சம்தான். தினமும் வேலை முடிந்து அந்தக் கடைக்கு நடந்து போவதாக, அவர் கை துடைத்துக்கொண்டு வெளியே வருவதாக நினைத்துப் பழகிவிட்டேன். அதற்குத்தான்.

அக். 1, வியாழன்

டீ பிரேக்கில் அவரே கூப்பிட்டார்.

"ஜெனி, பேப்பர் குடுத்தாச்சு."

"என்ன பேப்பர்?"

"ராஜினாமா. நோட்டீஸ் முடிஞ்சதும் அங்க வாறேன்."

"ஏங்க, வாரண்ட் போச்சு. ஒண்ணும் கெடைக்கல."

"தெரியும். நேத்து நானும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். பாத்துட்டுதான் இன்னிக்குக் குடுத்தேன்."

"கடை?"

"கடை கெடக்கட்டு. யாருகிட்டயாவது வேலைக்கு நிக்கேன். இனியும் ஒண்ணு வரட்டும் வரட்டும்னு இருந்தா வயசுதான் போவும், பிள்ளே."

ஹலோ, ஹலோ என்றார். லைன் இருந்தது. "வாங்க" என்றேன்.

மெர்சியிடம் சொல்லணும். தனி ரூம் பார்க்கணும். எவ்வளவு சின்னதானாலும் சரி. உள்ளே தாழ்ப்பாள் இருக்கணும்.