விலை சொல்லாத கை

மார்ச் 3, செவ்வாய்

மிளகு மண்டியில் அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்து இன்றோடு இருபது நாள். பக்கவாதம் என் வீட்டுக்காரரின் வலப்பக்கத்தையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு, மண்டியை என் தலையில் கட்டிவிட்டது. எங்கள் வியாபாரத்தில் விலையை வாயால் சொல்வதில்லை. கைகளின்மேல் துண்டைப் போட்டு, அதற்கடியில் எதிராளியின் விரல்களைப் பிடித்துச் சொல்வோம். சம்மதமானால் ஒரு அழுத்து. அவ்வளவுதான். பொம்பளை கையைப் பிடிக்க இரண்டு பேர் நெளிந்தார்கள். "மிளகு வேணுமா, கூச்சம் வேணுமா?" என்றேன். மிளகைத்தான் வாங்கினார்கள்.

மார்ச் 5, வியாழன்

மதியம் ஊட்டிவிட்டு வாய் துடைத்த துண்டு அவர் வலக்கையின்மேல் கிடந்தது. எடுக்கலாமென்று கையை அடியில் விட்டேன். என் சுண்டுவிரலைப் பிடித்தது.

ஊசி குத்தினாலும் தெரியாது என்று டாக்டர் சொன்ன கை. அவரோ நல்ல தூக்கம். பிடியும் அவருடையது இல்லை. முப்பது வருஷம் பிடித்த கை எனக்குத் தெரியாதா? இது சில்லென்று, அவசரமே இல்லாமல், சரக்குப் பார்க்க வந்தவனுடைய பிடி.

நான் என்ன செய்தேன்? பழக்கதோஷம் — சம்மதம் என்று அழுத்திவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

அவர் சுண்டுவிரல் அசைகிறது. டாக்டருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். என் சுண்டுவிரல் மரத்துக் கிடக்கிறது. கொதிக்கும் காப்பி டம்ளரில் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. யாரிடம் சொல்ல?

மார்ச் 8, ஞாயிறு

நாத்தனார் கோயிலில் நடக்கும் ஆன்மிக வகுப்புக்கு இழுத்துப்போனாள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பேசினார். "வைசியன்ங்கிறது பொறப்பு இல்லம்மா, மனசோட ஒரு நிலை. இதைத் தர்றேன், பதிலுக்கு நீ என்ன தருவேன்னு சாமிகிட்டயும் கேக்குறோமே, அந்த மனசுதான் வைசியன். விலை கேக்காம ஒண்ணைக் குடுத்துப் பாருங்க. அன்னிக்கு அது கழண்டுடும்."

வைசிய குலம் என்று மார்தட்டும் நாத்தனார் முகம் சுருங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம். பென்ஷன் வாங்குகிறவருக்கு விலையைப் பற்றி என்ன தெரியும்?

மார்ச் 9, திங்கள்

மறுபடி துண்டைப் போட்டேன். ஆமாம், நானேதான். மோதிரவிரலைப் பிடித்தது. "அவருக்குப் பேச்சும் வரணும்" என்றேன். நடுவிரலையும் சேர்த்துப் பிடித்தது. பாதி விரல் என்று கணுவைக் காட்டினேன். அசையவில்லை, காத்திருந்தது. அழுத்தினேன்.

சாயங்காலம் அவர் "தண்ணி" என்றார். குலுங்கிக் குலுங்கி அழுதேன். அதில் பாதி வெட்கம். அவர் உடம்பை நடுவில் வைத்து அரை விரலுக்குப் பேரம் பேசினேனே — ச்சீ!

மார்ச் 12, வியாழன்

பேனா நழுவுகிறது. எழுத்து கோணல்மாணல்.

மார்ச் 15, ஞாயிறு

இன்று துண்டு போடவில்லை. பட்டப்பகலில், என் வலக்கையை விரித்து அவர் கையின்மேல் வைத்தேன். "எடுத்துக்கோ. இதுக்கு எதுவும் வேணாம். இவர் நடக்கணும்னுகூட நான் கேக்கல."

அந்தக் கை நழுவப் பார்த்தது. இதுவரை நான்தான் பயந்தேன், இன்று அது பயந்தது. நான் விடவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

எழுதுவது அவள் வீட்டுக்காரன். "இனிமே நீங்களே எழுதுங்க" என்று டைரியை மடியில் போட்டுவிட்டாள். முழுக்கப் படித்தேன்.

நான் மறுபடி மண்டிக்குப் போகத் தொடங்கி ஒரு வாரமாகிறது. அவளுடைய வலக்கை தோள்வரை அசைவதில்லை. அவளுக்கோ அதில் ஒரு குறையும் இருப்பதாகத் தெரியவில்லை, உட்கார்ந்தபடி என்னைக் கேலி செய்கிறாள். மண்டியில் என்னிடம் வாங்க வருகிறவர்கள்தான் கையை உதறுகிறார்கள். "என்னண்ணே, கை இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

மதியம் அவள் எதிரில் உட்கார்ந்து, எங்கள் கைகளின்மேல் துண்டைப் போட்டேன். "எல்லாத்தையும் திருப்பி வாங்கிக்க. என்ன விலைன்னு சொல்லு."

"நான் எங்க வித்தேன், விலை சொல்றதுக்கு?"

விற்காததை எப்படித் திருப்பிக் கொடுப்பது? எனக்குத் தெரிந்ததெல்லாம் கொடுக்கல் வாங்கல் மட்டும்தான். அப்போது துண்டுக்கடியில் என் வலக்கை நகர்ந்தது. நான் நகர்த்தவில்லை. அவள் இடக்கையைத் தேடிப்போய்ச் சுண்டுவிரலைப் பிடித்தது.

அவள் சிரிப்பு நிற்கவில்லை. "இந்தக் கையும் வேணும்னா எடுத்துக்கட்டுமே" என்றாள்.

இடக்கையால் துண்டை உருவி எறிந்தேன். நாளைமுதல் இந்தக் கையை யார் விரலிலும் படவிடாமல், மண்டியில் விலையை வாயால்தான் சொல்லப்போகிறேன்.